தகட்டத்தான் போடச் சொன்னேன்

வேண்டாமுங்க, வேண்டாமுங்க, சன்னலோரம் நீங்களே உக்காருங்க. காத்து வராட்டிப் போகுது, நான் இந்தப் பக்கம் ஒண்டிக்கறேன். கரூருங்களா? நானும் கரூர்தான். டிக்கெட்டு கரூருக்குத்தான் வாங்கியிருக்கறேன். சன்னலோரம் எனக்கு ஆகாதுங்க. வாந்தியெல்லாம் இல்ல. காங்கயம் தாண்டுனதும் ரோட்டு மேலயே ஒரு எண்ணெ மில்லு வரும். அங்க இருக்கறவிய கண்ணுல நான் பட்டறக் கூடாது, அதுதான் விசயம். மில்லு வர்றப்ப இந்தத் துண்ட எடுத்துத் தலையில மூடிக்குவேன். நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க.

திருடனான்னு பாக்கறீங்க. திருடனா இருந்தாக்கூடப் பரவால்லீங்க. திருடன் துணியோட ஓடுவான்.

சிரிப்பு வந்தாச் சிரிச்சுருங்க. எல்லாரும் சிரிச்சாங்க, நீங்களும் சிரிச்சா நான் ஒண்ணும் வருத்தப்பட மாட்டேன். தெரியாதவிய சிரிச்சாப் பொறுத்துக்கலாம். தெரிஞ்சவிய சிரிச்சாத்தான் சாகலாம் போல இருக்குது.

பேரு சென்னியப்பன், ஊரு படியூரு. மோட்டார் பிட்டரு. கெணத்து மோட்டார் இல்லீங்க, மில்லு மோட்டாரு. ஆளுங்க சேந்து தூக்கற சோலியே இல்ல, செயின் பிளாக்கு கட்டித்தான் தூக்கோணும். அதக் கொண்டு போயி கான்கிரீட் பீடத்து மேல உக்கார வச்சு, மோட்டார் தண்டும் மிசினு தண்டும் மூஞ்சிக்கு மூஞ்சி ஒரே கோட்டுல நிக்கற மாதிரி சேத்து வெக்கறது என்ற வேலை. கேக்கறதுக்கு லேசா இருக்கும். ஒரு மயிரெழ தப்பிப் போச்சுன்னா மோட்டார் உதறும், பேரிங் போகும், தண்டே ஒடிஞ்சதெல்லாம் இருக்குது. நான் வெச்ச மோட்டார் உதறுச்சுன்னு காங்கயம் சுத்துப்பட்டுல ஒருத்தன் சொல்லட்டும் பாக்கலாம். ஓடற மோட்டார் மேல ஒத்த ரூபாயக் குத்த வச்சுக் காட்டுவேனுங்க. சாயாது.

எனக்குன்னு ஒரு பேரு இருந்துச்சு. இப்பவும் ஒரு பேரு இருக்குது. அத அப்பறம் சொல்றேன்.

எங்க வேலையில ஒரு வழக்கமுங்க. மோட்டார்ல கை வெக்கறதுக்கு முந்தி கரண்டு போர்டுல இருக்கற பியூஸ் கட்டையப் புடுங்கிடோணும். பீங்கான்ல இருக்கும், கைக்கு அடக்கமா. புடுங்கி, எவன் வேலை செய்யறானோ அவன் சட்டைப் பையில வச்சுக்கோணும். அது என்ற பையில இருக்கற வரைக்கும் எமனே வந்து பொத்தான அமுக்குனாலும் மோட்டார் சுத்தாது. வேலை முடிஞ்சதும் நானே கொண்டு போயி போர்டு பாக்கறவிய கையில குடுப்பேன். எவன்கிட்டயும் குடுத்தனுப்பறதில்ல. என்ற கையில இருந்து அவிய கைக்கு. கட்டை வந்துருச்சுன்னா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். வாயத் தொறந்து சொல்ல வேண்டியதே இல்ல.

அந்த மில்லுல போர்டு பாக்கறது மயிலாத்தா. பொம்பளதானுங்க. புருசன் அங்கதான் போர்டு பாத்துட்டிருந்தாரு, அவரு தவறுனதுக்கப்பறம் இவ கத்துக்கிட்டா. பச்சப் பொத்தான், செவப்புப் பொத்தான், மீட்டரு முள்ளு, எல்லாம் அத்துபடி. நான் கட்டையக் குடுக்காம போர்டுப் பக்கமே போக மாட்டா. "அண்ணா, கட்டை?"ம்பா. "வரும் இரு அம்மிணி"ம்பேன். இத்தன வருசத்துல எங்களுக்குள்ள பேச்சு அவ்வளவுதான். நல்ல பொம்பளன்னுதானுங்க நெனச்சுட்டிருந்தேன். அவதான் என்ற மானத்த வாங்குனா.

மொதலாளி புதுசா எண்ணெ ஆட்டற மிசினு ஒண்ணு எறக்குனாரு. அதுக்கு நாப்பது எச்பி மோட்டாரு. நானும் என்ற கூட்டாளி குழந்தசாமியும் நின்னு உக்கார வெச்சோம். அவன் எனக்கும் மூத்தவன், அளந்துதான் பேசுவான். எல்லாம் நல்லபடியாத்தான் போயிட்டிருந்துச்சு. அந்த நேரம் பாத்து மொதலாளி பையனுக்குச் சம்பந்தம் கூடிருச்சு. சம்மந்தி வீட்டு ஒரம்பரை சனம் அத்தன பேரும் வந்து பாக்கட்டும்னு மிசினுக்குப் பூசை போட்டுட்டாரு. மேளக்காரங்க, வீடியோக்காரன், பந்தி. அதுல ஒரு உத்தரவு வேற. ஆம்பளைங்க எல்லாரும் வேட்டியில வரோணும். பிட்டரும்தான்.

இங்கதானுங்க எனக்கு மொத கேடு. எனக்குக் குடலிறக்கம் ஆப்பரேசன் ஆகியிருக்குது. இடுப்ப இறுக்கி வேட்டி கட்டுனா வலிக்கும், லேசாக் கட்டுனா நிக்காது. அதுக்குன்னு என்ற வீட்டுக்காரி ருக்கு திருப்பூர் போயி ஒட்டு வேட்டி வாங்கியாந்துட்டா. இடுப்புல ஒட்டுப் பட்டை வச்சுத் தெச்சிருப்பான் பாருங்க, சின்னப் பசங்களுக்குக் காதுகுத்துக்குக் கட்டி உடறது. "இதக் கட்டிட்டுப் போனா நாலு பேரு என்னடி சொல்லுவான்?"ன்னேன். "மேல சட்டை இருக்குது, எவன் தூக்கிப் பாக்கப் போறான்?"ன்னா. நானும் வாய மூடிட்டுக் கட்டிட்டேன். சட்டைய நல்லாக் கீழ எறக்கி உட்டுட்டேன். அப்பறம் எவனுமே தூக்கிப் பாக்கத் தேவைப்படல.

காலையில நேரத்துலயே போயி ஒருக்காச் சரி பாத்தனுங்க. மோட்டாருக்கு நாலு காலு, கட்டலுக்கு இருக்கற மாதிரி. நாலும் பீடத்துல படிஞ்சு உக்காரோணும். ஒண்ணு தூக்கிட்டிருந்தா, போல்ட்ட இறுக்கறப்ப மோட்டாரே முறுக்கிக்கும். அதுக்குத்தான் காலுக்கு அடியில மெல்லிசாத் தகடு குடுக்கறது. முந்தின நாளு நாலும் நல்லாத்தான் இருந்துச்சு. அன்னைக்கு ஒரு போல்ட்ட லேசாத் தளத்திப் பாக்கறேன், அளவு பாக்கற டயல் முள்ளு துள்ளுது. பின்னங்காலு ஒண்ணு ஆடுது. இன்னொரு தகடு வெக்கோணும். வெச்சுட்டு மறுபடி டயல் கட்டிப் பாக்கோணும். கொஞ்ச நேரம் புடிக்கற வேலைதான்.

அதுக்குள்ள கார் மேல கார் வந்து நிக்குது. ஐயரு நல்ல நேரம் முடியப் போகுதுங்கறாரு. மொதலாளி, "என்ன சென்னியப்பா, எல்லாம் ரெடிதான?"ங்கறாரு. சம்மந்தி பக்கத்துலயே நிக்கறாரு. "சித்த இருங்க, கால் ஆடுது"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க. எப்படிங்க சொல்றது? அத்தன ஒரம்பரைக்கு முன்னால, சென்னியப்பன் வெச்ச மோட்டாருக்குக் கால் ஆடுதுன்னு என்ற வாயாலயே சொல்றதா? "ரெடிங்க"ன்னுட்டேன். பூசை நடக்கறப்பவே பின்னால குந்தி ஓசப்படாம தகட்டச் சொருகிரலாம்னு ஒரு கணக்கு.

அப்ப மொதலாளியம்மா தட்டோட வந்தாங்க. "உங்க ஆயுதமெல்லாம் குடுங்க, பொட்டு வச்சு சாமிக்கு முன்னால வெச்சரலாம்"னாங்க. இருந்ததுல ஒரு ஸ்பேனரக் குடுத்தேன், டயலக் குடுத்தேன். பாக்கறதுக்கு அது ஒண்ணும் பெருசாத் தெரியல. சம்மந்தி வேற எட்டிப் பாத்துட்டிருந்தாரு. பையில இருந்த பியூஸ் கட்டைய எடுத்து நடுவால வெச்சேன். "இதுதானுங்க மோட்டாரோட உசுரு. இது என்ற பையில இருக்கற வரைக்கும் ஒரு ஈ காக்கா மோட்டாரத் தொட முடியாது"ன்னேன். சம்மந்தி "அப்படியா!"ன்னு தலையாட்டுனாரு. எனக்கு அப்படியொரு பெருமை. அம்மா கட்டைக்குச் சந்தனம் வச்சு, குங்குமம் வச்சு, பூவும் வெச்சாங்க.

தீபாராதனை மிசினுக்கு முன்னால நடக்குது. எல்லாரும் அங்க. நானும் குழந்தசாமியும் மோட்டாருக்குப் பின்னால. நான் போல்ட்டத் தளத்தி உட்டுட்டு, கடப்பாரையக் காலுக்கு அடியில குடுத்து நெம்பிப் புடிச்சிருக்கறேன். அவன் கையில தகடு. தண்டு ரெண்டும் சேர்ற எடத்துல ஒரு மூடி மாட்டோணுமுங்க, கப்ளிங் மூடி. அதுக்குப் புதுசாப் பெயிண்ட் அடிச்சு, மால போட்டு, செவுத்துல சாத்தி வெச்சிருந்தாங்க. வீடியோவுல நல்லா இருக்கும்னு.

மேளம் காதக் கிழிக்குது. "குழந்தசாமி, போடு"ங்கறேன், அவனுக்குக் கேக்கல. கடப்பாரைய எத்தன நேரந்தான் நெம்பிப் புடிச்சிருக்கறது? கத்துனேன். "போடு! போடுங்கறேன்ல!"

தகட்டத்தானுங்க போடச் சொன்னேன்.

அங்க மயிலாத்தா பொத்தான அமுக்கிட்டா.

நீங்களே சொல்லுங்க. நம்ம ஊருல போடாதது எது? சோறு போடறோம், சட்டை போடறோம், கையெழுத்துப் போடறோம், சண்டை போடறோம், கோலம் போடறோம், மோட்டாரும் போடறோம். ஒருத்தன் போடுன்னா எதப் போடறதுன்னு கேக்கோணுமா இல்லியா? அப்பறம் கேட்டா, மொதலாளியம்மா தட்டுல இருந்து கட்டைய எடுத்துப் பூவோட அவ கையில குடுத்து "கொண்டு போயி மாட்டு"ன்னாங்களாம். அவ மாட்டிட்டு, என்னத் தேடிப் பாத்தாளாம். ஆளக் காணோம், கொரலு மட்டும் கேட்டுச்சாம். கட்டை வந்துருச்சு, போடுன்னும் சொல்லியாச்சு, அப்பறம் என்னன்னு அமுக்கிட்டாளாம். என்ற கையால குடுத்தாத்தான கட்டை? அது கூடவா தெரியாது, இத்தன வருசம் போர்டு பாத்தவளுக்கு?

மோட்டார் துள்ளுச்சு. வேட்டி ஓரம் பக்கத்துல மூடியில்லாம இருந்த கப்ளிங்கோட மூக்குல மாட்டுச்சு. பர்ருனு ஒரு சத்தமுங்க. அந்தச் சத்தம் இன்னும் காதுலயே இருக்குது. ஒட்டுப் பட்டை உரியற சத்தம். என்னாச்சுன்னு நான் குனிஞ்சு பாக்கறதுக்குள்ள வேட்டி அங்க கப்ளிங்குல சுத்திட்டுப் பட்டுப் பட்டுனு அடிக்குது. நான் இங்க கடப்பாரையும் கையுமா, பட்டாபட்டி ட்ராயரோட குந்தியிருக்கறேன். நீலக் கோடு போட்டது.

அவ உடனே செவப்புப் பொத்தான அமுக்கிட்டாளுங்க. அதையும் சொல்லோணும். மோட்டார் நின்னுச்சு, மேளமும் நின்னுச்சு. மோட்டாருக்குப் பின்னால இருந்து நான் எந்திரிக்கறேன், வீடியோ லைட்டு நேரா என்ற மேல. சம்மந்தி வீட்டுப் பொம்பளைங்க அத்தன பேரு, களத்துல தேங்கா பருப்புக் காயப் போடற பொம்பளைங்க ஒரு பக்கம். மொதல்ல ஒரு கொழந்தை சிரிச்சுது. அப்பறம் கூட்டமே சிரிச்சுது. மொதலாளி சிரிக்கறாரு, ஐயரு சிரிக்கறாரு, மேளக்காரன் மேளத்து மேல சாஞ்சு சிரிக்கறான். கொப்பரைச் சாக்கு ஒண்ணு கெடந்துச்சு, அதச் சுத்திட்டுப் பொறவாசல்ல ஓடியாந்துட்டேன். தவிடு பொடியாப் போயிட்டனுங்க. இப்ப வீடியோ போன் போனாச் சுத்துது. என்ற புதுப் பேரு, ஒட்டு வேட்டி. டீக்கடையில, "ஒட்டு வேட்டிக்கு ஒரு டீ"ங்கறான். கால்ல ஒரு கீறல் இல்ல, கையில ஒரு கீறல் இல்ல. ஆனா ஆளு போயிட்டேன்.

அத்தன பேரு சிரிச்சதக் கூட மறந்துருவேனுங்க. மயிலாத்தா பண்ணதத்தான் மறக்க முடியல. அவ சிரிக்கல. போர்டுக்குக் கீழயே குந்திட்டா. குந்தி வாந்தி எடுத்தா. என்னப் பாத்துட்டு! நான் சாக்கச் சுத்திட்டு ஓடறப்ப ஒருக்காத் திரும்பிப் பாத்தேன், செவுத்தப் புடிச்சுட்டு ஓங்கரிக்கறா. ஒரு மனுசன் ட்ராயரோட நின்னா வாந்தி வர்ற அளவுக்கா இருக்கும்? சிரிச்சிருந்தாக்கூடத் தேவலைங்க.

அதோட விட்டாளா? வீட்டுக்கு வந்துட்டா. நான் அவ வண்டிச் சத்தம் கேட்டதும் பாத்ரூமுக்குள்ள பூந்து தாப்பாப் போட்டுட்டேன். ருக்குகிட்ட அவ கேக்கறது உள்ள நல்லாக் கேக்குது. "அண்ணனுக்குக் கை காலெல்லாம் நல்லா இருக்குதாங்கக்கா?" என்னப் பத்திக் கேக்கறா பாருங்க, காலு நல்லா இருக்குதான்னு! அவதான் முழுசாப் பாத்தாளே. அப்பறமும் வந்தா. ஒருக்கா அந்த வேட்டியத் தொவச்சு, மடிச்சு, மஞ்சப் பையில போட்டுக் கொண்டாந்துட்டா. கிரீஸ் கறை போகலன்னு ருக்குகிட்ட அழுகறா. மறுக்கா வந்து சும்மா வாசல்ல குந்திட்டுப் போனா. நான் வெளிய வரவே இல்ல. எந்த மூஞ்சியோட வர்றது?

ருக்குவாவது என்ற பக்கம் இருப்பாளா? அந்தச் சனியன் புடிச்ச வேட்டிய அடுப்புல வெய்யின்னேன். கேக்கல. கொண்டு போயி சாமி படத்துக்குக் கீழ வெச்சு, குங்குமமும் வெச்சுட்டா. தெனமும் வெளக்குப் பொருத்திட்டு அதத் தொட்டுக் கும்படறா. என்னையக் கிண்டல் பண்றதுக்கு ஒரு அளவு வேண்டாமுங்களா? நான் கத்துனேன். அவ கண்ணத் தொடச்சுட்டு உள்ள போயிட்டா. ராத்திரிச் சோத்துல உப்பே இல்ல.

காங்கயம் வந்துருச்சுங்க. டீ குடிக்கறீங்களா? நான் எறங்கலீங்க. இங்க எவனாச்சும் பாத்துருவான்.

இன்னைக்கு ஏன் ஊர உட்டே கெளம்பறேன்னு கேக்கலியே. காலையில குழந்தசாமி போன் பண்ணான். அன்னையில இருந்து அந்த மோட்டார் ஓடலீங்களாம். பூசை அன்னைக்கே மயிலாத்தா கட்டையப் புடுங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டாளாம். ஒருத்தர்கிட்டயும் குடுக்க மாட்டேங்கறாளாம். மொதலாளி வேற கட்டை வாங்கியாந்தாரு, வேற பிட்டரையும் கூட்டியாந்தாரு. அந்த ஆளு, "கால் பெருசா ஒண்ணும் ஆடல, இறுக்கி உட்டு ஓட்டிக்கலாம்"னு சொன்னானாம். இவ போர்டு ரூம் வாசல்ல குறுக்க உக்காந்துட்டாளாம். "சென்னியண்ணன் வரோணும். கால் ஆடுதான்னு அவரு பாக்கோணும். அவரு என்ற கையில இருந்து வாங்கி, வேலைய முடிச்சு, என்ற கையில குடுக்கோணும். அது வரைக்கும் அந்த மோட்டார்கிட்ட ஒரு ஆள விட மாட்டேன்"னாளாம். இன்னைக்குப் பொழுதுக்குள்ள எந்திரிக்காட்டி நாளையில இருந்து வேலைக்கு வர வேண்டாம்னு மொதலாளி சொல்லிட்டாராம்.

எதுக்குங்க இதெல்லாம்? என்னய அங்க வரவழச்சு, கூட்டத்தக் கூட்டி, இன்னொருக்காச் சிரிக்கறதுக்குத்தான. வேற என்ன? அதான் மொதலாளி போன் வர்றதுக்குள்ள மச்சான் வீட்டுக்குக் கெளம்பிட்டேன். இந்தப் பையிங்களா? ஸ்பேனரு, டயலு, கொஞ்சம் தகடு. அன்னைக்கு உட்டுட்டு ஓடியாந்தத குழந்தசாமி கொண்டாந்து குடுத்துட்டான். மச்சான் வீட்டுல ஒரு வேலையும் இல்லதான். சும்மா... கையோட இருக்கட்டும்னு எடுத்தேன். ஏன் எடுத்தேன்னு எனக்கே தெரியல.

ஏனுங்க, நான் ஒண்ணு கேக்கட்டுமா? நான் இவ்வளவு சொல்லியும் நீங்க ஒருக்காக்கூடச் சிரிக்கல. ட்ராயர் வரைக்கும் சொல்லிட்டேன். சிரிக்காதவிய ருக்கு, மயிலாத்தா, இப்ப நீங்க. ஏனுங்க?

என்ன கேட்டீங்க?

கட்டற வேட்டியா இருந்திருந்தாவா?

...கட்டற வேட்டியா இருந்திருந்தா, நிக்கறதுக்காக வலியப் பாக்காம மேல பெல்ட்டும் போட்டிருப்பனுங்க. பச்சப் பெல்ட்டு, தோலு. அது உரியாது. மோட்டார் துணிய இழுக்கும், துணியோட இடுப்ப இழுக்கும். நாப்பது எச்பிக்கு ஆளு ஒரு பாரமா? பெருந்துறைப் பக்கம் ஒரு மில்லுல ஒரு பொம்பளைக்கு முந்தானை மாட்டி... வேண்டாமுங்க, பஸ்ஸுல பேசற பேச்சில்ல அது. எனக்குத் தெரியாததா? இருக்கற மில்லெல்லாம் போயி மூடியில்லாம மோட்டார் ஓட்டாதீங்கன்னு சண்டை போடறவன் நான்.

இருங்க. போர்டு இருக்கறது இந்தப் பக்கம். மோட்டார் அந்தப் பக்கம். நான் பின்னால குந்தியிருந்தேன், அவளுக்குத் தெரியாது. என்ற கொரலு கேட்டுச்சு. பொத்தான அமுக்குனா. அப்பறம் வெள்ளையா வேட்டி மட்டும் சுத்தறதத்தான் பாத்தா. அது உள்ளுக்கு நான் இருக்கறேனா இல்லியான்னு அவளுக்கு எப்படிங்க தெரியும்?

அடக் கடவுளே.

அதப் பாத்துட்டு வாந்தி எடுத்தவள நான்... வீடு தேடி வந்து கை காலு இருக்குதான்னு கேட்டவளுக்குப் பாத்ரூமுல ஒளிஞ்சுட்டு உக்காந்திருந்தேன். ருக்கு அந்த வேட்டியக் கும்பட்டா கத்துனேன். இத்தன நாளா நான் எத மூடி மறைக்கோணும்னு ஓடிட்டிருந்தேன்? ஒரு நீலக்கோடு ட்ராயர. கால் ஆடுதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூசிட்டு, கட்டையத் தட்டுல வெச்சு சம்மந்திக்குச் சீன் காட்டிட்டு, அவளப் போயி... இப்பத்தானுங்க கூசுது. ட்ராயரோட நின்னப்பக்கூட இப்படிக் கூசல. உங்க மூஞ்சியப் பாக்க முடியல.

துண்டு? துண்டு வேண்டாமுங்க. அதா, அந்தத் தகரக் கூரைதான் மில்லு. வாசல்ல வண்டியெல்லாம் நிக்குது. அவ உள்ளதான் உக்காந்திருப்பா. கண்டக்டரே! கண்டக்டரே, சித்த நிறுத்துங்க, எறங்கோணும். கரூர் டிக்கெட்டுதான், இருந்துட்டுப் போகுது, நிறுத்துங்க சாமி. சிரிக்கட்டுமுங்க, எல்லாரும் சிரிக்கட்டும். அவ எந்திரிச்சாப் போதும்.

ஏனுங்க, சன்னல் வழியா இங்க பாருங்க, எறங்கற அவசரத்துல பைய விட்டுட்டேன். உங்க காலுக்குக் கீழ இருக்குது பாருங்க. அதத்தான். அப்படியே எடுத்துக் கீழ போடு...

இல்லீங்க, போடாதீங்க. குடுங்க. கையில குடுங்க.